தோட்டப் பள்ளி நிலைத்தது. தோட்ட மருத்துவமனை மறைந்தது: ஏன்?

ஓர் ஊர் குடியிருக்கத் தக்கதா என்பதை அறிய மூன்று வினாக்கள் போதும். சிறு பிள்ளை அச்சமின்றிப் போய்வரத்தக்க பள்ளி அவ்வூருக்கு உண்டா? நள்ளிரவில் காய்ச்சல் கண்டவரைக் கொண்டு சேர்க்க மருத்துவ இடம் அருகில் உண்டா? குடிநீர் தூயதாய்த் தட்டின்றிக் கிடைக்கின்றதா? பட்டணத்தார்க்கு இவை வினாக்களாகவே தோன்றுவதில்லை. குழாயைத் திருகினால் நீர் வருகிறது. சாலை முனையில் பள்ளி நிற்கிறது. நாட்டுப்புறத்தில் வாழ்வோர்க்கோ இவை நாள்தோறும் எழும் வினாக்கள்.

மலேசியத் தீபகற்பத்தின் நாட்டுப்புறத்தில் இருவகைக் குடியிருப்புகள் நெடுங்காலம் அடுத்தடுத்து இருந்து வந்துள்ளன. ஒன்று கம்பம்; மற்றொன்று தோட்டம். இரண்டிற்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு வேலியோ ஓர் ஓடையோதான். ஆயினும், பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு வழியாக வந்தன. கம்பத்துக்கு அவற்றைக் கொடுக்கும் பொறுப்பு அரசாங்கத்தைச் சார்ந்தது. தோட்டத்துக்குக் கொடுக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்த விளைவுகள் பல. தோட்ட மருத்துவமனைகள் பெரும்பாலும் மறைந்துவிட, தோட்டப் பள்ளிகளுள் பல இன்றும் நிலைத்திருப்பது அவ்விளைவுகளுள் ஒன்று. இதன் காரணத்தை அறிதல் நம்போன்ற ஆசிரியர்க்கு மிகவும் இன்றியமையாதது. ஏனெனில், நிலைத்திருக்கும் பள்ளியும் எதன் பலத்தால் நிலைத்தது என்பதை அறியாவிடில், அதனைக் காக்கும் வழியும் நமக்குத் தெரியாமற் போகும்.

பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் அவை காட்டின் நடுவே திறக்கப்பட்டன. அங்கே ஊரும் இல்லை, சாலையும் இல்லை. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த மக்களுக்கு லயமும் கிணறும் தோட்டத்தாரே அமைத்தனர். அரசாங்கம் அம்மக்களுக்கென ஊரமைக்க முன்வரவில்லை. மாறாக, சட்டத்தின் வழியே தோட்டத்தாரிடம் சில கடமைகளை ஒப்படைத்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 7 முதல் 14 வயது வரையுள்ள, ஒரே இனத்தைச் சேர்ந்த பிள்ளைகள் 10 பேரேனும் ஒரு தோட்டத்தில் குடியிருப்பின், அவர்களுக்குப் பள்ளி நடத்தும் பொறுப்பை உரிமையாளர்மேல் சுமத்த வழி செய்தது. தோட்டந்தோறும் தமிழ்ப் பள்ளி தோன்றியது இவ்வாறுதான்.

இச்சட்டத்தின் நன்மையை மறுப்பதற்கில்லை. அது இல்லாதிருப்பின் பல்லாயிரம் பிள்ளைகள் எழுத்தறியாமலே வளர்ந்திருப்பர். எனினும், அதனுள்ளே ஒரு குறை உறைந்திருந்தது. பள்ளி வேண்டும் என்று சொன்ன சட்டம், அது எத்தகைய பள்ளியாக இருத்தல் வேண்டும் என்பதில் அத்துணை உறுதி காட்டவில்லை. ஆகவே, லயத்தின் ஓர் அறையோ கோயிலை ஒட்டிய கொட்டகையோ பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ காலையில் கணக்கெழுதிவிட்டுப் பிற்பகலில் ஆசிரியராக அமர்ந்ததும் உண்டு. எல்லா வகுப்புகளையும் ஒருவரே நடத்தினார். பள்ளிக் கட்டடம், அது நின்ற நிலம், ஆசிரியரின் ஊதியம் ஆகிய மூன்றும் தோட்டத்தாரின் கையில் இருந்தன. தோட்டம் செழித்தால் பள்ளி செழிக்கும். ரப்பர் விலை விழுந்தால் பள்ளியும் தளரும்.

கொசுவும் மருத்துவமனையும்

மருத்துவத்தின் வரலாறு சற்று வேறானது. பிள்ளை படிக்காவிட்டால் தோட்டத்தாருக்கு உடனடியான இழப்பு ஏதுமில்லை. தொழிலாளி காய்ச்சலில் விழுந்தாலோ அன்றே பால்வெட்டு நின்றுவிடும். ஆதலால் மருத்துவமனை அமைப்பதில் தோட்டத்தாருக்குத் தம் நலனும் கலந்திருந்தது.

அக்காலத்துப் பெரும் பகை மலேரியாக் காய்ச்சல். அது கொசுவினால் பரவுகிறது என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள் அக்கண்டுபிடிப்பு மலாயாவில் செயலுக்கு வந்தது. 1901இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் அதன் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடித்து, புதர்க்காடுகளை அழிக்கச் செய்தார். காய்ச்சல் வியக்கத்தக்க அளவில் தணிந்தது.

இவ்வெற்றியைக் கண்டு, காட்டை அழித்தால் காய்ச்சல் ஒழியும் என்று பலரும் எண்ணினர். மலைப்பாங்கான தோட்டங்களிலோ இதற்கு நேர்மாறான விளைவு உண்டாயிற்று. காட்டை வெட்டி ரப்பர் நட்ட பிறகு அங்கே காய்ச்சல் மிகுந்தது. காரணம் யாது? கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழல் படிந்த காட்டு நீரில் முட்டையிடுவது. காடு போனால் அதுவும் போகும். மலைச்சரிவில் நோய் பரப்பிய கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. காடு நிற்கும்வரை ஓடைக்கு வெயில் இல்லை. காடு போனதும் ஓடையெல்லாம் அதற்கு இல்லமாயிற்று. ஆகவே, மலைத் தோட்டங்களில் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், தேங்கு நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. ஓரிடத்தில் நோயைத் தீர்த்த முறையே மற்றோரிடத்தில் நோயை வளர்த்தது. இடத்தை ஆராயாமல் முறையை மட்டும் கொண்டு செல்வோர்க்கு இது நல்ல பாடம்.

இத்தகைய பணிகளோடு தோட்ட மருத்துவமனைகளும் எழுந்தன. பெருந்தோட்டங்கள் தனியேயும், சிறு தோட்டங்கள் பல சேர்ந்து கூட்டாகவும் அவற்றை நடத்தின. குறித்த நாளில் மருத்துவர் வந்து பார்ப்பார். மற்ற நாட்களில் டிரசர் என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரே காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், மகப்பேற்றுக்கு உதவுவதும் செய்வார். தாய்மார் வேலைக்காட்டுக்குப் போன நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையும் இருந்தது. குறைகள் பல இருப்பினும், இவை லயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தன என்பதை மறத்தலாகாது.

வேலிக்கு அப்பால் நடந்தது

அரசாங்கம் நாட்டுப்புற மருத்துவத்தில் முறையாக இறங்கியது 1950களில். 1953இல் கெடா மாநிலத்தின் ஜித்ராவில் நாட்டுப்புறச் சுகாதாரப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் மூன்று படிகள் கொண்ட அமைப்பு ஒன்று உருவாயிற்று. 50,000 மக்களுக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம். அதன்கீழ் 10,000 பேருக்கு ஒன்றாக நான்கு துணை நிலையங்கள். 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி விடுதி. மருத்துவச்சி அவ்விடத்திலேயே குடியிருப்பார். 1970களில் இவ்வமைப்பு இரண்டு படிகளாகச் சுருக்கப்பட்டது. 15,000 முதல் 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம், 4,000 பேருக்கு ஒரு கிராம மருந்தகம் என்பது புதிய கணக்கு. மகப்பேற்றில் தாயரும் சேயரும் மாளும் கொடுமை இந்நாட்டில் பெரிதும் குறைந்ததற்கு இவ்வமைப்பு ஒரு முதன்மைக் காரணம்.

ஆசிரியர்கள் இக்கணக்கை ஊன்றி நோக்க வேண்டும். இங்கே எண்ணப்படுபவர் மனிதர். ஒருவர் உழவரா, மீனவரா, வேலையற்றவரா, முதியவரா என்ற வினா எழுவதில்லை. அவ்வூரில் குடியிருந்தால் அவர் கணக்கில் சேர்வார். தோட்டத்தின் கணக்கோ வேறு. அங்கே எண்ணப்படுபவர் தொழிலாளி. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படுபவரும் அவரைச் சார்ந்தவரும் மட்டுமே மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் உரியவர். வேலை ஓய்ந்தால் உரிமையும் ஓய்ந்துவிடும். கம்பத்துக்காரரின் உரிமை குடியிருப்பைப் பற்றியது. தோட்டத்துக்காரரின் உரிமை வேலையைப் பற்றியது. அனைத்தும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

தோட்டங்கள் தனியார் நிலம் என்பதாலும், அங்கே முதலாளியின் மருத்துவமனை ஏற்கெனவே இருக்கிறது என்பதாலும், 1960களில் விரைந்து நடந்த நாட்டுப்புற வளர்ச்சிப் பணிகள் பெரும்பாலும் தோட்ட வேலிக்கு வெளியிலேயே நின்றன. அன்றைய நிலையில் இது பெரிய தீங்காகத் தோன்றவில்லை. தோட்டத்து டிரசரும் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும்வரை குறை வெளியே தெரியவில்லை.

தோட்டம் குலைந்தபோது

குலைவு பல வழிகளில் வந்தது. 1950களின் பிற்பகுதியில் அயலார் பலர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். துண்டாகிய தோட்டத்தில் மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு எத்துண்டினுடையது? ஒன்றினுடையதும் அன்று. இத்துண்டாடலின் கொடுமையைக் கண்டே 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழி வகுத்தார்.

அடுத்து வந்தது பயிர் மாற்றம். ரப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாளேனும் வெட்டவேண்டும். அதற்குக் காலைதோறும் ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே, முன்பு நூறு குடும்பங்களுக்கு வேலை கொடுத்த நிலம் செம்பனைக்கு மாறியபின் அத்தனை குடும்பங்களை வேண்டவில்லை. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்களோ வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. நிரந்தரத் தொழிலாளரின் இடத்தில் குத்தகைத் தொழிலாளரும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்தனர். குடும்பங்கள் வெளியேறின. நோயாளிகள் குறைந்ததும் தோட்ட மருத்துவமனை மருந்தகமாயிற்று. மருந்தகம் வாரம் ஒருநாள் திறக்கும் அறையாயிற்று. அவ்வறையும் பின்னர் பூட்டப்பட்டது.

நான் பணியாற்றிய தோட்டம் ஒன்றில், மருந்தகம் மூடப்பட்ட பின்னும் ஏழெட்டு முதியவர்கள் பழைய லயத்தில் இருந்தனர். அவர்களுள் எவரும் அப்போது தொழிலாளர் அல்லர். ஆகவே தோட்டத்தாரின் கணக்கில் அவர்கள் இல்லை. அரசாங்க மருந்தகத்தின் தாதியார்க்கோ அங்கே ஆட்கள் வாழ்கின்றனர் என்பதே தெரியாது. நீரிழிவுக்கு மாத்திரை வாங்க அம்முதியவர்கள் செம்பனைப் பாரவண்டிக்குக் காத்திருந்து, அதில் ஏறிப் பட்டணம் சென்று வந்தனர். அங்கே மாத்திரைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் செலுத்த வேண்டிய கட்டணமும் 1 வெள்ளியே. அவர்களது பெயர் எந்தக் கணக்கிலும் இல்லாமையே துன்பத்தின் வேர்.

பள்ளி நிலைத்த வகை

மருத்துவமனை மறைந்த அதே நிலத்தில் பள்ளி நிலைத்தது எவ்வாறு? 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதன்வழி வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், பின்னர் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பாடத்திட்டம் பொதுவாயிற்று, ஆசிரியரின் பயிற்சியும் ஊதியமும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. தோட்டம் கைமாறினாலும் ஆசிரியரின் ஊதியம் நிற்காது. பள்ளியின் பெயர் கல்வி அமைச்சின் பதிவேட்டில் இருக்கிறது. துரையின் பேரேட்டில் மட்டும் இல்லை. மருத்துவமனைக்கு இத்தகைய மாற்றம் நிகழவில்லை. அது இறுதிவரை முதலாளியின் உடைமையாகவே இருந்து, முதலாளியோடு போயிற்று. பொதுப் பொறுப்பில் வேரூன்றியது நின்றது; தனியார் கணக்கில் மட்டும் ஒட்டியிருந்தது உதிர்ந்தது.

ஆயினும் பள்ளியின் பெயர்வு முழுமையாக நடைபெறவில்லை. ஆசிரியர் அரசாங்கத்தின் பக்கம் வந்தார். நிலமோ பல இடங்களில் தோட்டத்தாரிடமே இருந்துவிட்டது. இன்று முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என நாம் பிரித்துச் சொல்வது இதிலிருந்து வந்ததே. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி பகுதி உதவியே பெறுகிறது. அதன் கூரை ஒழுகினால், பள்ளி மேலாளர் வாரியம் பொருள் தேடவேண்டும். புதிய கட்டடம் வேண்டுமாயின் முதலில் நில உரிமையாளரின் இசைவைப் பெறவேண்டும். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. எஞ்சியவற்றுள்ளும் 150 மாணவருக்குக் குறைந்த சிறு பள்ளிகள் மிகப் பல. மக்கள் பெயர்ந்துவிட்ட தோட்டத்தில், செம்பனைக்கு நடுவே, பள்ளி தனித்து நிற்கும் காட்சியை நம்மில் பலர் அறிவோம். பிள்ளைகள் வெளியிலிருந்து வண்டியில் வருகின்றனர். வண்டி நின்றால் பள்ளியும் நிற்கும்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். பள்ளி என்பது கட்டடம் மட்டும் அன்று. அதன் பதிவும் உரிமமும் தனிப் பொருள்கள். பிள்ளைகள் பெயர்ந்து சென்ற புதிய குடியிருப்புக்குப் பள்ளியை இடம் மாற்றித் தருமாறு வாரியமும் பெற்றோரும் கல்வி அமைச்சிடம் விண்ணப்பிக்கலாம். இவ்வாறு தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து மீண்டும் செழித்த பள்ளிகள் உண்டு. பதிவு அழிந்த பின்னர் முயல்வதைவிடப் பதிவு உயிரோடு இருக்கும்போது முயல்வது எளிது.

பள்ளி ஒரு வாயில்

பள்ளி நிலைத்தமையால் விளைந்த நன்மை பாடத்தோடு முடிவதன்று. அரசாங்கத்தின் சுகாதாரப் பணி தோட்டத்துப் பிள்ளையைச் சென்றடையும் வாயில் பெரும்பாலும் பள்ளியே. சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் உடல்நிலையையும் கண்ணையும் பார்க்கின்றனர். முதலாம் ஆண்டில் தடுப்பூசி போடுகின்றனர். பல் மருத்துவக் குழுவும் வருகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டம் 1979 முதல் பள்ளி வழியாகவே நடைபெறுகிறது. ஆகவே, ஒரு சிறு பள்ளி மூடப்படும்போது இழக்கப்படுவன நான்கு சுவர்களும் ஒரு கரும்பலகையும் மட்டும் அல்ல. அப்பகுதிப் பிள்ளைகளைப் பொதுப்பணிகளோடு இணைத்திருந்த கயிறும் அறுந்துவிடும்.

எவரிடம் எதைக் கேட்பது?

பெற்றோர்க்கு ஓர் இடர் வந்தால் முதலில் நாடுவது ஆசிரியரையே. எந்தப் பொறுப்பு எவருடையது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் பாதித் துன்பம் தீரும்.

தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே குடியிருப்போரின் வீடு, குழாய்நீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இதனை வகுக்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேரேனும் இருப்பின் குழந்தைகள் காப்பகம் அமைக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. இதில் குறை நேர்ந்தால் தொழிலாளர் இலாகாவை அணுகுதல் வேண்டும்.

மருத்துவத்துக்கு மாவட்டச் சுகாதார அலுவலகமே உரிய இடம். இத்தோட்டம் எந்தக் கிராம மருந்தகத்தின் எல்லைக்குள் வருகிறது என்று எழுத்தில் கேட்டு அறியலாம். எல்லை தெரிந்தால், கருவுற்ற தாயையும் படுக்கையில் கிடக்கும் முதியவரையும் தாதியரின் பார்வைக்குக் கொண்டுவர முடியும்.

பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றுக்குத் தேசியப் பதிவு இலாகாவை நாடவேண்டும். பத்திரம் இல்லாமையால் இடருற்ற இந்தியர்களைக் கண்டறிய 2011இல் தனி இயக்கமே நடத்தப்பட்டது என்பதிலிருந்து, இக்குறையின் ஆழம் விளங்கும். பத்திரமில்லாத பிள்ளை வகுப்பில் அமர்ந்திருப்பதை ஆறாம் ஆண்டில் கண்டு திகைப்பதைவிட, முதலாம் ஆண்டிலேயே கண்டு விண்ணப்பிக்கச் செய்வது நம் கடமை.

பயிற்சி ஆசிரியர்க்கு ஒரு வேலை

ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயில்வோர் பாடக்குறிப்பு எழுதவும் துணைக்கருவி செய்யவும் நன்கு கற்கின்றனர். அவற்றோடு ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் தாம் செல்லும் பள்ளியைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு ஒரு வரைபடம் வரைதல் வேண்டும். பிள்ளைகள் எங்கெங்கிருந்து வருகின்றனர், எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர், வீட்டில் நீர் எதிலிருந்து வருகிறது, அருகிலுள்ள மருந்தகம் எது, அங்கே செல்ல வண்டி உண்டா ஆகியவற்றை அதில் குறித்தல் வேண்டும். இதற்கு இரண்டு வாரம் போதும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வண்டியேறும் பிள்ளை முதற்பாடத்தில் கண்ணயர்வதன் காரணம், இப்படத்தைப் பார்த்த ஆசிரியருக்கு விளங்கும்.

அப்படம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுத் தலைமையாசிரியரின் அறையில் தொங்குமாயின், அதுவே பெரிய சான்றாகும். மாவட்ட அலுவலகத்திலோ வாரியக் கூட்டத்திலோ பேசும்போது, பொதுவாக முறையிடுவதினும், இன்ன லயத்தில் இத்தனை பேர் உள்ளனர், இன்ன தொலைவில் மருந்தகம் உள்ளது என்று எண்ணிக் காட்டுவது பயன் தரும். மலைக்கும் கடலோரத்துக்கும் ஒரே முறை பொருந்தாது என்று மலேரியாப் பணி கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். எல்லாச் சிறு பள்ளிகளுக்கும் ஒரே மருந்து இல்லை. ஒன்றுக்கு இடமாற்றம் வேண்டும். மற்றொன்றுக்கு வண்டி வேண்டும். வேறொன்றுக்கு நில உரிமையாளரோடு ஓர் உடன்படிக்கை வேண்டும். எது வேண்டும் என்பதைப் படம் சொல்லும்.

2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றியதாகப் பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் வகை ஒன்றே எஞ்சியுள்ளது. நம் முன்னோரை ஆயிரக்கணக்கில் கொன்ற நோய் அது. ஓடை ஓடையாகச் சென்று நோக்கிய உழைப்பும், மக்களை ஒருவர் விடாமல் எண்ணிய பொதுப்பணியும் சேர்ந்து அதனை அடக்கின. தோட்டத்தில் எஞ்சியிருப்போரையும் அவ்வாறே ஒருவர் விடாமல் எண்ணுதல் வேண்டும். அவர்களுடைய உரிமை, வேலை செய்யும் காலத்தோடு முடியாமல், வாழும் இடத்தோடு நிலைபெறுதல் வேண்டும். அந்த எண்ணிக்கையைத் தொடங்குவதற்கு ஊரில் எழுதுகோலும் ஏடும் உடையவர் ஆசிரியர். மற்றவர் தொடங்கட்டும் என்று அவர் காத்திருத்தல் தகாது.